குளிர்நாட்டு மக்களின் உடற்கனலும் அதனை அளக்கும் கோலும்

உயிருள்ள உடல் அணையாத அடுப்பினை ஒத்தது. மனிதன் உண்ணாமலும் உழைக்காமலும் அசைவற்றுப் படுத்திருக்கும் வேளையிலும், இதயம் துடிப்பதற்கும், மூச்சு இயங்குவதற்கும், உடற்சூடு நிலைபெறுவதற்கும் அவ்வடுப்பு எரிந்துகொண்டே இருத்தல் வேண்டும். இவ்வாறு ஓய்வு நிலையில் செலவாகும் ஆற்றலை உடலியல் வல்லுநர் அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம் என்பர். உடல் ஏற்கும் பிராணவாயுவின் அளவைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுக் கலோரிகளில் குறிப்பது வழக்கம். வடதுருவத்தை அடுத்து வாழும் பழங்குடி மக்களிடத்தில் இவ்வீதம் மிகுந்து காணப்படுகின்றது என்னும் செய்தி நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. செய்தி உண்மையே. ஆயினும், எதனால் மிகுதி, எதைவிட மிகுதி, எவ்வழியில் அது அறியப்பட்டது என்னும் மூன்று வினாக்களை எழுப்பாமல் அதனை ஏற்பது விஞ்ஞான நெறி ஆகாது.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக் என்பார் தம் மனைவியார் மேரி குரோகுடன் 1908-ஆம் ஆண்டில் கிரீன்லாந்துக்குச் சென்று, அக்காலத்தில் எஸ்கிமோக்கள் என்று அழைக்கப்பட்ட இன்யூட் மக்களின் உணவையும் வளர்சிதை மாற்றத்தையும் ஆராய்ந்தார். சீல், மீன் முதலியவற்றின் இறைச்சியையே பெரிதும் உண்டு வாழ்ந்த அம்மக்களின் அன்றாட உணவில் ஏறத்தாழ 280 கிராம் புரதம் இருந்தது என அவர்கள் கணித்தனர். புரத உணவைச் செரித்து ஏற்கும் முயற்சியிலேயே உடலில் வெப்பம் மிகுதியாகத் தோன்றும். ஆகவே, உயர்ந்த வீதத்துக்குக் காரணம் குளிரா, உணவா என்னும் ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது.

நார்வே நாட்டு மருத்துவ அறிஞர் கோரே ரோடால் அலாஸ்காவில் செய்த ஆய்வினை 1952-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இறைச்சி உணவின் விளைவையும், பழக்கமில்லாத கருவியின் முன் படுத்திருப்போருக்கு உண்டாகும் அச்சத்தையும் நீக்கிவிட்டால், எஸ்கிமோக்களின் வீதமும் வெள்ளையரின் வீதமும் ஒன்றாகவே அமையும் என்பது அவர் கண்ட முடிவு. அஞ்சிய மனிதனின் உடற்கனலை அளந்து, அதனை ஓர் இனத்தின் இயல்பு என்று எழுதிவைப்பது எத்துணைப் பெரும் பிழை என்பதை இது காட்டிற்று.

ஆனால் ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. சைபீரியாவின் ஈவென்கி, யாகூத் முதலிய மக்களிடத்தே பிற்காலத்தில் நடந்த ஆய்வுகள் பழைய செய்திக்கு மீண்டும் வலுவூட்டின. வில்லியம் லெனார்டு முதலியோர் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின்படி, கொழுப்பு நீங்கிய உடல் நிறையைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க அளவைவிட, துருவப் பகுதிப் பழங்குடி ஆடவரின் வீதமும் பெண்டிரின் வீதமும் உயர்ந்திருந்தன. உணவு ஒன்றினால் மட்டும் இதனை விளக்க இயலாது. குளிர்காலத்தில் தைராய்டு சுரப்பியின் செயல் மாறுபடுவதும், தலைமுறை தலைமுறையாக வந்த உடலமைப்பும் இதில் பங்கு கொள்கின்றன என அவர்கள் கருதினர்.

அவ்வாறாயின் இது குருதியில் ஊறிய இனப்பண்பு என்று முடிவு கட்டலாமோ? அவசரம் வேண்டா. நடு ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஆடையின்றி, சிறு நெருப்புகளின் நடுவே, குளிரிரவில் வெறுந்தரையில் உறங்குவதை 1958-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று விவரித்தது. அவர்களுடைய தோலின் வெப்பம் தாழ்ந்தது, உடற்கனலோ உயரவில்லை, அவர்கள் அமைதியாக உறங்கினர். உடன் படுத்த ஐரோப்பியர் நடுங்கி உறக்கம் இழந்தனர். தென் அமெரிக்காவின் தென்கோடியில் வாழ்ந்த அலக்கலூஃப் மக்களோ உடற்கனலை உயர்த்தியே குளிரைத் தாங்கினர். குளிர் ஒன்றே, உடல்கள் அளித்த விடைகள் இரண்டு.

இவற்றினும் தெளிவான சான்று கொரியாவில் கிடைத்தது. மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஹேன்யோ என்னும் பெண்டிர் முற்காலத்தில் பருத்தி ஆடையுடனேயே குளிர்நீரில் இறங்கினர். 1960-ஆம் ஆண்டுகளில் அளந்தபோது, குளிர்காலத்தில் அவர்களுடைய அடிப்படை வீதம் ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்தது. 1977-ஆம் ஆண்டு முதல் அவர்கள் குளிர் தாங்கும் ரப்பர் உடையை அணியத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் அவ்வுயர்வு மறைந்துவிட்டது. கடலும் மாறவில்லை, குலமும் மாறவில்லை. மாறியது உடை ஒன்றே. மரபணுக்களின் பங்கை மறுக்க வேண்டுவதில்லை. கொழுப்பு மிகுந்த கடலுணவுக்கு ஏற்ற மரபணு மாற்றங்கள் கிரீன்லாந்து இன்யூட் மக்களிடம் உள்ளன என 2015-ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியுள்ளது. ஆயினும் மரபு, உணவு, பருவம், உடை, தொழில் ஆகிய ஐந்தும் சேர்ந்தே உடற்கனலைத் தீர்மானிக்கின்றன என்பதே பொருந்தும் முடிவு.

இனி இரண்டாம் வினா: எதைவிட மிகுதி? 1985-ஆம் ஆண்டில் உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் இணைந்து வெளியிட்ட அறிக்கையில், உலகம் முழுமைக்குமான சூத்திரங்கள் தரப்பட்டன. அவற்றுக்கு அடிப்படையான அளவீடுகளுள் ஏறத்தாழப் பாதி இத்தாலியரிடம் எடுக்கப்பட்டவை. அவை ஏனையோர் அளவுகளைவிட உயர்ந்தும் இருந்தன. அக்கோலால் அளந்தபோது வெப்ப நாட்டு மக்கள் பலரும் ‘குறைந்தவர்’ ஆயினர்; இந்தியர்க்கு அச்சூத்திரங்கள் மிகையான மதிப்பைத் தருவதும் கண்டறியப்பட்டது. வடபுல மக்களோ அந்த நீண்ட கோலையும் விஞ்சி நின்றனர். ஓரிடத்து மனிதனை உலக மனிதனாகக் கொண்டு உணவுப் பங்கீட்டை வகுத்தால், ஒரு நாட்டார்க்குத் தேவைக்கு மிகையாகவும், மற்றொரு நாட்டார்க்குத் தேவைக்குக் குறைவாகவும் முடியும். ஏட்டில் 10 சதவீதப் பிழை என்பது ஏழையின் தட்டில் ஒரு கவளம் ஆகும்.

மூன்றாம் வினாவே மிக முக்கியமானது. 1955 முதல் 1957 வரை, அலாஸ்காவில் அமெரிக்க விமானப் படையின் ஆய்வுக்கூடம் ஒன்று, குளிர்ப் பழக்கத்தில் தைராய்டு சுரப்பியின் பங்கை அறியும் பொருட்டுக் கதிரியக்க அயோடின் 131-ஐ 121 பேருக்குக் கொடுத்தது. அவர்களுள் 102 பேர் அலாஸ்காவின் பழங்குடியினர். அவர்களிற் பலர் ஆங்கிலம் நன்கு அறியாதவர். உட்கொள்வது இன்னதென உணராமல், தம் நோய்க்கு மருந்து என எண்ணியோரும் இருந்தனர். இதனை விசாரித்த அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1996-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. உடல்நலக் கேடு மிகச் சிறிதே என்று கூறிய அக்குழு, அம்மக்களுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதையும் ஒளிக்காமல் கூறிற்று. தீங்கு நேராமை அநீதியை நியாயமாக்காது. புரியாத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தலையசைப்பது இசைவு ஆகாது. விஞ்ஞானச் சொல்லொன்றை எளியவன் தாய்மொழியில் விளக்க இயலாத ஆராய்ச்சியாளன், அவனது உடலைத் தொடும் உரிமையைப் பெறவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரிலும், அதனைச் சூழ்ந்த லடாக் பகுதியிலும் வாழும் மக்கள் குளிரையும் காற்றின் நொய்மையையும் ஒருங்கே தாங்குபவர்கள். 1962-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பாதுகாப்பு உடலியல் மற்றும் சார்பு அறிவியல் நிறுவனம், உயர்நிலங்களில் பணிபுரியும் வீரர்களின் உடல்நிலையை ஆராய்ந்து வருகின்றது. ஆய்வில் பங்கு கொள்வோர்க்குப் புரியும் மொழியில் விளக்கி இசைவு பெறவேண்டும் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. விதி ஏட்டளவில் நின்றுவிடலாகாது. மலைநாட்டாரின் உடலை அளந்து பெற்ற முடிவுகள் அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குத் திரும்பிச் செல்லல் வேண்டும். அவர்களுக்கு வழங்கும் உணவுப் பங்கீட்டிலும் அம்முடிவுகள் பயன்படல் வேண்டும். அங்ஙனம் பயன்படாத அளவீடு, அளந்தவர்க்குப் புகழ் தரலாம். அளக்கப்பட்டவர்க்குச் சூடும் தராது, சோறும் தராது.