ஆட்டுக்குட்டி விட்ட மூச்சு

1963-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. டாக்டர்களுக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. ஆனாலும், மூச்சுத் திணறி 39 மணி நேரத்தில் குழந்தை இறந்து போனது!

காரணம் என்ன? நமது நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை ஒட்டிக் கொள்ளாமல் காப்பது ஒருவித வழவழப்பான பொருள். கருவின் கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவு சுரக்கும். முன்னதாகப் பிறக்கும் குழந்தைக்கு அது போதாது. ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் அந்த அறைகள் நனைந்த துணிபோல் ஒட்டிக் கொள்ளும்.

இதற்கு வழி காட்டியது ஓர் ஆட்டுக்குட்டி!

நியூசிலாந்து நாட்டில், ஆக்லாந்து நகரத்து டாக்டர் லிகின்ஸ், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்து வந்தார். வயிற்றிலிருந்த குட்டிக்கு ஒரு ஹார்மோனைச் செலுத்தினார். குட்டி மிகவும் முன்னதாகப் பிறந்தது. பிழைக்கவே முடியாத குட்டி. ஆனால், மூச்சு விட்டுக் கொண்டிருந்தது! ஹார்மோன் அதன் நுரையீரலை முன்கூட்டியே முதிர வைத்திருந்தது. 1969-ல் இதை அவர் வெளியிட்டார்.

பிறகு குழந்தை டாக்டர் ஹவியும் அவரும் சேர்ந்து 282 தாய்மாரிடம் சோதனை நடத்தினார்கள். 1972-ல் முடிவு வந்தது. தானாக வலி கண்டவர்களில், மருந்து பெறாதவர்களின் குழந்தைகள் 100-க்கு 15 வீதம் பிறந்த சில நாளில் இறந்தன. மருந்து பெற்றவர்களின் குழந்தைகளில் 100-க்கு 3 தான்!

"வாயில்லாப் பிராணியை வதைக்கலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த ஆராய்ச்சியில் மாண்ட குட்டிகள் பல. வேறு வழி இருந்தால் அந்த வழியில்தான் போக வேண்டும். அன்று வேறு வழி ஏது? தாய் வயிற்றிலுள்ள மனிதக் குழந்தையிடமா முதலில் சோதிப்பது?

என்னைக் கேட்டால், பெரிய அநியாயம் அதற்குப் பிறகுதான் நடந்தது. விலை மலிவான அந்த ஊசியை டாக்டர்களில் பெரும்பாலோர் 20 ஆண்டு காலம் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் நிபுணர்கள் கூடி, "இதைப் பரவலாகக் கொடுங்கள்" என்று சொன்னது 1994-ல்! குட்டிகள் உயிரைக் கொடுத்துச் சொன்னதைப் படித்தவர்கள் காதில் போட்டுக் கொள்ளவில்லை. இடையில் எத்தனை தாய்மார் வெறுங்கையோடு வீடு திரும்பினார்களோ!

இப்போது குறைமாதத்தில் வலி கண்டால், தாய்க்கு இந்த ஊசி போடுகிறார்கள். அது முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். "பொய் வலியாக இருக்கும், விடியட்டும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.