சோடா வேண்டாம், தாடையைத் தூக்குங்க!

ரோட்டில் ஒருவர் சுருண்டு விழுகிறார். ஒரே நிமிடத்தில் கூட்டம் கூடி விடுகிறது.

"சோடா வாங்கிட்டு வாப்பா!" என்கிறது ஒரு குரல். "தலையைத் தூக்கி உட்கார வையுங்க!" என்கிறது இன்னொரு குரல். வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள்.

எல்லாம் நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் சாவிக்கொத்தால் பலன் இல்லை. மற்ற இரண்டும் ஆளையே தீர்த்துவிடக் கூடியவை!

நாக்கே எமன்

மயங்கி மல்லாந்து கிடப்பவரின் தசைகள் தளர்ந்து போகும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளும். மூச்சு போக வழி இருக்காது. பிராணவாயு கிடைக்காவிட்டால் சுமார் 4 நிமிடத்திலேயே மூளை கெட ஆரம்பிக்கும்.

அந்த நேரத்தில் வாயில் ஊற்றும் சோடா வயிற்றுக்குப் போகாது. நுரையீரலுக்குள் இறங்கும். தலைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைப்பதும் தப்பு. கழுத்து மடங்கி, இருக்கிற வழியும் அடைபடும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் இருந்து ஓடுகிறது. ஆனால் மாலை நேர டிராபிக்கில் 4 நிமிடத்தில் வந்து சேருமா? அதுவரை ஆளைக் காப்பாற்ற வேண்டியது பக்கத்தில் நிற்பவர்தான்.

காலணா செலவில்லை

முதலில் 108-க்கு போன். பிறகு ஒரு கையை நெற்றியில் வைத்து தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். மற்றொரு கையின் இரண்டு விரலால் மோவாய் எலும்பைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். நாக்கு விலகி வழி திறந்துவிடும்.

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் டாக்டர் பீட்டர் சஃபார் சோதித்துக் காட்டிய முறை இது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழாய் போடும் முன்பு செய்வதும் இதையேதான்.

விபத்தில் கழுத்தில் அடியா? தலையைச் சாய்க்காமல், காதுக்குக் கீழே தாடையின் இரண்டு முனையையும் பிடித்து முன்பக்கம் தள்ள வேண்டும். அப்படியும் மூச்சு வரலேன்னா தலையைச் சாய்க்கத்தான் வேணும். கழுத்தைவிட மூச்சு பெரிசு!

மூச்சு சீராக வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். வாந்தி எடுத்தாலும் வெளியே வந்துவிடும். மூச்சே இல்லை, அல்லது எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் இழுக்கிறது என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும்.

புரோட்டா அடைத்தால்...

ஓட்டலில் சாப்பிடும்போது தொண்டையில் அடைத்தால், இரும முடிகிறவரை இரும விடுங்கள். சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 அடி. போகாவிட்டால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே உள்ளேயும் மேலுமாக 5 அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. தலை கீழே இருக்கும்படி பிடித்து முதுகில் தட்டி, பிறகு நெஞ்சில் இரண்டு விரலால் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டினால் இன்னும் உள்ளே போய்விடும்.

போலீசுக்குப் பயமா?

"தொட்டா கோர்ட்டு, கேஸுன்னு அலையணும்" என்று ஒதுங்குவோர் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். விபத்தில் உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற விதிமுறைகளை சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு சேர்ந்துவிட்டது. பெயர், விலாசம் சொல்லவும் கட்டாயமில்லை.

பஸ் கண்டக்டர் லைசென்சுக்கு முதல்-உதவி சான்றிதழ் கேட்கிறார்கள். நல்ல விதி. ஆனால் ஒரு தடவை வாங்கிய சான்றிதழ் பெட்டியில் தூங்கினால் பிரயோசனம் என்ன? பழகாத கை அவசரத்தில் நடுங்கும். வருஷத்துக்கு ஒரு நாள் பொம்மையை வைத்துப் பழக்கட்டும். டிராபிக் போலீசாருக்கும், ஓட்டல் சர்வர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கட்டும்.

சோடாவுக்கு ஓட பத்துப் பேர் இருக்கிறார்கள். தாடையைத் தூக்க ஒருத்தர் இருந்தால் போதும். அந்த ஒருத்தரை உண்டாக்குவது அதிகாரிகள் பொறுப்பு!