நாட்டுடைமை நூல்களைப் பார்வையற்றோரும் படிக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பார்வை மாற்றுத்திறனாளி வாசகர் சங்க உறுப்பினர்கள்

பெறுநர்:
இயக்குநர், பொது நூலக இயக்ககம், சென்னை
இயக்குநர், தமிழ் இணையக் கல்விக்கழகம், சென்னை

பொருள்: நாட்டுடைமை நூல்களையும் நூலக ஆணையில் வாங்கப்படும் புதிய நூல்களையும் திரைவாசிப்பான் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் எனப் பலதரப்பட்ட பார்வையற்றோர் எங்கள் சங்கத்தில் இருக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பேர். எங்களில் பலருக்கு பிரெய்ல் தெரியும். ஆனால் ஒரு நாவலே பிரெய்லில் பல தடித்த தொகுதிகளாகிவிடும் என்பதால், அன்றாடம் நாங்கள் படிப்பது கணினியிலும் கைப்பேசியிலும் எழுத்தை ஒலியாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியாகத்தான். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழையும் வாசித்துக் காட்டுகின்றன. படிப்பதற்குப் போதிய நூல்கள்தாம் இல்லை.

1949-இல் பாரதியார் படைப்புகளில் தொடங்கி, 150-க்கும் மேற்பட்ட தமிழறிஞர்கள், எழுத்தாளர்களின் நூல்களை நம் அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்கியது மக்கள் பணத்திலிருந்து. அந்த மக்களில் நாங்களும் உண்டு. இந்நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அரிய பணி அது, நன்றியோடுதான் சொல்கிறோம். ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை, அச்சுப் பக்கங்களைப் படம் பிடித்து அடுக்கிய கோப்புகள். கண்ணால் பார்ப்பவருக்கு அது புத்தகம். திரைவாசிப்பானோ அதைத் திறந்ததும் ஒரு சொல்லும் வாசிக்காமல் நின்றுவிடுகிறது. முதுகலைத் தமிழ் படிக்கும் எங்கள் மாணவி ஒருவருக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் நூலோ தேவநேயப் பாவாணரின் நூலோ தேவைப்பட்டால், யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டினால்தான் உண்டு. வாசிப்பவருக்கு நேரம் வாய்க்காத நாளில் படிப்பு நின்றுபோகும்.

எழுத்துணரி மென்பொருளால் படத்தை எழுத்தாக மாற்றலாமே என்று கேட்கலாம். புதிய அச்சுக்கு அது ஓரளவு உதவுகிறது. ஆனால் நாட்டுடைமை நூல்களில் பெரும்பகுதி 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவை. பழைய ணை, லை, னை வடிவங்களில் மென்பொருள் தடுமாறுகிறது. மங்கிய அச்சில் துணைக்காலும் ரகரமும் இடம் மாறிவிடுகின்றன. மனிதர் மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும். கல்விக்கழகம் வழங்கிய 2,000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களைத் தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர்கள் இப்படித்தான் பக்கம் பக்கமாகத் திருத்தி வருகிறார்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் தட்டச்சு செய்து தந்த இலக்கியங்களைத்தான் நாங்கள் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். ஊதியமின்றிச் சிலர் செய்துவரும் இந்த வேலை, அரசின் கடமை என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஆகவே நாட்டுடைமை நூல்கள் அனைத்தையும் மெய்ப்புப் பார்த்த ஒருங்குறி (யூனிகோடு) எழுத்தில், இபப் (EPUB) மின்னூல் வடிவில் வெளியிடத் தனி நிதி ஒதுக்க வேண்டுகிறோம். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் உள்ள ஆய்வு நூல்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் இதற்குத் தடை ஏதுமில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், உரிமை நடப்பிலுள்ள நூலைக்கூட மாற்றுத்திறனாளிகளுக்காக இலாப நோக்கின்றி அணுகத்தக்க வடிவில் ஆக்கித்தர அனுமதிக்கிறது. 2013-இல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் பார்வையற்றோருக்கான உலக உடன்படிக்கை கையெழுத்தானது; 2014-இல் அதை ஏற்புறுதி செய்த முதல் நாடு இந்தியா. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகியவையும் அதில் உள்ளன. அதன்படி, அணுகத்தக்க வடிவில் ஆக்கிய நூலை அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் எல்லை தாண்டியும் பகிரலாம். சென்னையில் ஒருமுறை செம்மையாக உருவாக்கும் கோப்பு யாழ்ப்பாணத்துப் பார்வையற்ற மாணவரையும் சென்றடையும். ஒன்றிய அரசின் சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகம் 2016 முதல் செயல்படுகிறது. கோப்புகள் தயாரானால் அதிலும் சேர்க்கலாம்.

அடுத்தது புதிய நூல்கள். சொத்து வரியோடு நூலக வரியும் மக்கள் செலுத்துகிறார்கள். அந்தப் பணத்தில் பொது நூலகங்களுக்கு வாங்கப்படும் நூலை எங்கள் அண்டைவீட்டார் கிளை நூலகத்தில் இரவல் பெறுகிறார். நாங்கள் அதே நூலின் மின்பதிப்பை, அப்படி ஒன்று இருந்தால், விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் அச்சிலும் வந்த நூலின் மின்பதிப்புக்கு 5 சதவீத வரி என 2018-இல் முடிவாகிவிட்டது. இந்த வரியை நீக்க ஜிஎஸ்டி மன்றத்தில் வலியுறுத்துமாறு மாநில அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

பொது நூலகங்களுக்கு வாங்குவதற்கான நூலக ஆணை பெறும் ஒவ்வொரு நூலுக்கும் ஒருங்குறிக் கோப்பு ஒன்றையும் பதிப்பாளர் ஒப்படைக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்பைத் திரைவாசிப்பான் பொருளற்ற எழுத்துகளாகவே உச்சரிக்கும் என்பதால், ஒருங்குறி என்பதை விதியிலேயே குறிப்பிட வேண்டும். கோப்பு வெளியே கசிந்துவிடுமோ என்ற பதிப்பாளர்களின் அச்சம் நியாயமானதே. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண்ணோடு பதிவு செய்த வாசகருக்கு மட்டும் மாவட்ட மைய நூலகம் வழியாகக் கோப்பை வழங்கலாம். எழுத்தாளரின் உழைப்பு களவுபோவதை நாங்களும் விரும்பவில்லை.

இப்பணியில் மெய்ப்புப் பார்க்கவும் கோப்புகளைச் சோதிக்கவும் பார்வையற்ற பட்டதாரிகளை ஊதியத்தில் அமர்த்த வேண்டும். திரைவாசிப்பானில் எது இடறுகிறது என்பதைக் கண்டறிய அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

மேற்கண்டவை குறித்து நேரில் விளக்கமளிக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு நாள் ஒதுக்கி, வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பே உரிய முன்மொழிவை அரசுக்கு அனுப்புமாறு பணிவோடும் உரிமையோடும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்