'சி' என்றால் யார்?

குட்டீஸ்... காலையில் டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்து எப்படிக் கூப்பிடுவார்? "எம். கார்த்திகா... ஆர். கார்த்திகா..." என்றுதானே! ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்துவிட்டால், இனிஷியல்தான் கை கொடுக்கும். அந்த இனிஷியல் அப்பாவுடையது. பெயர் உங்களுடையது.

இதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அப்பாவின் பெயரை முழுசாக எழுதி, உங்கள் பெயரை ஒரே ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டால் எப்படி இருக்கும்? "கா. முருகேசன்" என்று கூப்பிட்டால் கார்த்திகா எழுந்து நிற்பாளா? "டீச்சர், அது நான் இல்லை" என்று சண்டைக்கே வந்துவிடுவாள்!

நிலாவில் ஒருவருக்கு இதுதான் நடந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்கு ஒரு வருத்தம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நிலாவில் கருப்புத் திட்டுகள் தெரிகின்றன அல்லவா? நம் பாட்டிகள் அதை முயல் என்றார்கள்; வடை சுடும் கிழவி என்றார்கள். விஞ்ஞானிகள் அவற்றைக் 'கடல்' என்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எல்லாம் பழைய காலத்து எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். அவற்றில் பெரியதும் வட்டமானதுமான ஒன்றுக்கு 'மழைக் கடல்' என்று பெயர். மழையும் கிடையாது என்பது வேறு விஷயம்! அந்த மழைக் கடலின் மேற்குப் பகுதியில், சுமார் 13 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. சைக்கிளில் போனால் ஒரு மணி நேரத்தில் கடந்து விடலாம். நிலாவின் கணக்கில் அது சின்னப் பள்ளம்தான். அதன் பெயர், சி. ஹெர்ஷல்.

ஹெர்ஷல் என்ற பெயரைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல்! 1781ம் ஆண்டு, மார்ச் 13ம் தேதி இரவு, வீட்டில் தானே செய்த டெலஸ்கோப்பில் அதைப் பார்த்தார். அவருக்கு நிலாவில் சுமார் 40 கிலோமீட்டர் அகலப் பள்ளம் உண்டு. பெயர், வெறும் 'ஹெர்ஷல்'. இனிஷியலே வேண்டாம், ஹெர்ஷல் என்றாலே அவர்தான். அவருடைய மகன் ஜானும் பெரிய வானியல் அறிஞர். அவர் பெயரில் 'ஜே. ஹெர்ஷல்' என்று 150 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான ஒரு பள்ளம் இருக்கிறது.

அப்படியானால் 'சி' யார்? வில்லியமின் தங்கை. பெயர் கரோலின்.

1750ல் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் பிறந்தாள் கரோலின். அப்பா ராணுவ வாத்தியக் குழுவில் இசைக் கலைஞர். மூன்று வயதில் அம்மை கண்டு முகத்தில் தழும்பு விழுந்தது. பத்து வயதில் டைபஸ் என்ற கொடிய காய்ச்சல். பிழைத்துக்கொண்டாள், ஆனால், அதோடு வளர்த்தி நின்றுவிட்டது. கடைசி வரைக்கும் அவளுடைய உயரம் நாலடி மூன்று அங்குலம்தான்.

'இந்தப் பெண்ணை யார் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள்? வீட்டு வேலைக்கு ஆகட்டும்' என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், தையலும் பின்னலும் பழகினால் போதும். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, மகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தார். அந்த அப்பாவும் 1767ல் இறந்துபோனார்.

அண்ணன் வில்லியம் அப்போது இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் இசை ஆசிரியராக இருந்தார். 1772ல் வந்து தங்கையை அழைத்துப் போனார். சும்மா அனுப்பி விடவில்லை அம்மா! கரோலினுக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை வைத்துக்கொள்ள வில்லியம் பணம் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுப்பினார். அப்போது கரோலினுக்கு 22 வயது.

அங்கே போய்ப் பாட்டுக் கற்றாள். மேடையேறிப் பாடினாள். நல்ல பெயரும் கிடைத்தது. அதற்குள் அண்ணனுக்கு வானப் பைத்தியம் பிடித்துவிட்டது. டெலஸ்கோப்புக்கான உலோகக் கண்ணாடிகளை வார்க்க, குதிரைச் சாணத்தில் அச்சுச் செய்வார்கள். அந்தச் சாணத்தை இடித்துச் சலிப்பது யார்? கரோலின்தான்! கண்ணாடியைப் பளபளப்பாக்க ஆரம்பித்தால் நடுவில் கையை எடுக்கக்கூடாது. ஒரு தடவை வில்லியம் தொடர்ந்து 16 மணி நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். கரோலின் பக்கத்தில் நின்று, சோற்றை ஊட்டிவிடுவதுபோல் ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். அலுப்புத் தெரியாமல் இருக்கக் கதைப் புத்தகமும் வாசித்துக் காட்டினாள்.

இதை மட்டும் சொல்லி, 'பாருங்கள், எவ்வளவு நல்ல தங்கை' என்று முடித்துவிடுகிற புத்தகங்கள் நிறைய உண்டு. எனக்கு அவற்றின் மேல் கோபம். ஏனென்றால், கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அண்ணன் டெலஸ்கோப்பில் பார்த்துச் சொல்லச் சொல்ல, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும், மறுநாள் அத்தனைக்கும் கணக்குப் போடுவதும் கரோலினின் வேலை. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். சின்ன வயதில் கணக்கே சொல்லித் தரப்படாததால், பெருக்கல் வாய்ப்பாடு அவளுக்குக் கடைசி வரை மனப்பாடம் ஆகவில்லை! வாய்ப்பாட்டை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொண்டே, ஆயிரக்கணக்கான நட்சத்திரக் கணக்குகளைப் போட்டாள். (இதை உங்கள் கணக்கு டீச்சரிடம் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். தாள் பரீட்சை ஹாலுக்குள் செல்லாது!)

1783 டிசம்பர் 31. தரையெல்லாம் பனி. இருட்டில் டெலஸ்கோப்பைச் சரிசெய்ய ஓடியவள், வழுக்கி ஓர் இரும்புக் கொக்கியின் மேல் விழுந்தாள். கொக்கி காலில் ஆழமாக ஏறிவிட்டது. தூக்கி எடுத்தபோது சதைத் துண்டு கொக்கியிலேயே தங்கிவிட்டதாம். காயம் ஆறி மறுபடியும் டெலஸ்கோப்புக்கு வந்துவிட்டாள்.

1786 ஆகஸ்ட் 1. அண்ணன் ஊரில் இல்லை, ஜெர்மனி போயிருந்தார். தன் சின்ன டெலஸ்கோப்பில் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்த கரோலினின் கண்ணில் ஒரு மங்கலான பொருள் பட்டது. மறுநாள் பார்த்தால், அது இடம் மாறியிருந்தது. வால் நட்சத்திரம்! உடனே லண்டனில் இருந்த அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினாள். அதிலிருந்து 1797க்குள் எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தாள். எட்டாவதைப் பார்த்ததும் கடிதம் எழுதக்கூடப் பொறுமையில்லை. ஒரு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, குதிரையேறி கிரீன்விச் வானாய்வகத்துக்கே நேரில் போய்ச் சொன்னாள்!

இனிமேல் 'அவள்' என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. 'அவர்' என்றே சொல்கிறேன்.

1787ல் இங்கிலாந்து அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்ட் சம்பளம் ஏற்படுத்தினார். அந்த நாட்டில் வானியல் வேலைக்குச் சம்பளம் வாங்கிய முதல் பெண் கரோலின்தான். 37 வயதில் முதல் முறையாகத் தன் கைக்கென்று காசு! ஃப்ளாம்ஸ்டீட் என்ற பழைய அறிஞரின் நட்சத்திரப் பட்டியலைச் சரிபார்த்து, அதில் விட்டுப்போன 560 நட்சத்திரங்களைச் சேர்த்து, 1798ல் வெளியிட்டார். அண்ணன் இறந்த பிறகு ஹானோவருக்குத் திரும்பி, சுமார் 2,500 வானப் பொருட்களின் பட்டியலை மருமகன் ஜானுக்காகத் தயாரித்தார். அதற்காக 1828ல் லண்டன் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்தப் பதக்கம் ஒரு பெண்ணின் கையில் சேர 168 ஆண்டுகள் ஆயின. 1996ல்தான் வேரா ரூபினுக்குக் கிடைத்தது. கரோலின் 97 வயது வரை வாழ்ந்து, 1848ல் மறைந்தார்.

இப்போது சொல்லுங்கள்... இவருக்கு 'சி' என்ற ஓர் எழுத்து போதுமா?

பள்ளம் சின்னதாக இருக்கிறதே என்பது என் குறை இல்லை. முதலில் எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன். 1651லேயே ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் பெரிய பெரிய பள்ளங்களுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டார். லேட்டாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மிச்சம் மீதிதான். நம் சர் சி.வி. ராமனின் பள்ளம்கூட 10 கிலோமீட்டர் அளவுதான்! நிலாவில் முதலில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவுமில்லாமல், ஜானின் பெரிய பள்ளம் அடிபட்டு, சிதைந்து, விளிம்பே சரியாகத் தெரியாமல் கிடக்கிறது. அத்தையின் குட்டிப் பள்ளமோ, கழுவிக் கவிழ்த்த கிண்ணத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் வட்டமாக, அழகாக இருக்கிறது.

என் குறை பெயரில்தான். 'ஹெர்ஷல்கள் மூன்று பேர் ஆயிற்றே, குழப்பம் வராதா, அதனால்தான் இனிஷியல்' என்பார்கள். சரி, மேரி கியூரிக்கு என்ன செய்தார்கள்? நிலாவில் 'கியூரி' என்ற பள்ளம் அவருடைய கணவர் பியருக்கு உரியது. மேரிக்கு 'எம். கியூரி' என்று வைக்கவில்லை. போலந்தில் அவர் பிறந்த குடும்பத்துப் பெயரான 'ஸ்க்லொடோவ்ஸ்கா'வை ஒரு பெரிய பள்ளத்துக்கு வைத்தார்கள். மனமிருந்தால் வழியிருக்கிறது!

இன்னொன்று கேளுங்கள். நிலா வரைபடத்தில் சில குட்டிப் பள்ளங்களுக்கு யாரையும் குறிக்காமல், அடையாளத்துக்காகப் பொதுப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். மேரி, சூசன்... ஏன், 'ரவி' என்றுகூட ஒன்று உண்டு. யாரென்றே தெரியாத ரவிக்கு முழுப் பெயர். எட்டு வால் நட்சத்திரம் கண்டுபிடித்தவருக்கு ஓர் எழுத்து. நியாயமா?

2019ல் வெளியான 'நிலாவின் பெண்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலில், ஆல்ட்ஷுலர், பயஸ்டெரோஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கணக்குச் சொன்னார்கள். மனிதர்களின் பெயர் தாங்கிய நிலாப் பள்ளங்கள் 1,586. அவற்றில் பெண்களின் பெயர் 28. நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை! 'வெள்ளி கிரகத்தில் பெரும்பாலும் பெண்கள் பெயர்தானே, அது போதாதா' என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். இந்தியாவின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷியின் பெயர்கூட அங்கே இருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால், பஸ்ஸில் 'மகளிர்' என்று எழுதி நாலு இருக்கையை ஒதுக்கிவிட்டு, மற்ற இடமெல்லாம் எங்களுக்கு என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? அதோடு, வெள்ளியின் தரையை இங்கிருந்து எந்த டெலஸ்கோப்பில் எட்டிப் பார்த்தாலும் மேகம்தான் தெரியும். நிலாவைத்தான் நாம் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறோம்.

கோள்களிலும் நிலாக்களிலும் உள்ள இடங்களுக்குப் பெயர் வைப்பது சர்வதேச வானியல் கழகம். 'சி. ஹெர்ஷல்' என்ற பெயரை அது 1935ல் ஏற்றுக்கொண்டது. அதைக் 'கரோலின் ஹெர்ஷல்' என்று மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. பழைய வரைபடங்களோடு ஒத்துப் போகாது என்ற தொல்லை இருக்கத்தான் செய்யும். அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் அச்சிட்டால் தீர்ந்தது.

உங்கள் பள்ளியிலோ, பக்கத்து ஊர் அறிவியல் மன்றத்திலோ டெலஸ்கோப் இருந்தால், வளர்பிறை தசமி அல்லது ஏகாதசி அன்று மழைக் கடலைக் காட்டச் சொல்லுங்கள். அதன் வடமேற்கு ஓரத்தில் அரைவட்டமாக வளைந்திருப்பது 'வானவில் விரிகுடா'. அந்த விரிகுடாவின் ஒரு முனையில், காற்றில் கூந்தல் பறக்கும் ஒரு பெண்ணின் தலையை, கஸ்ஸினி என்ற அறிஞர் 1679ல் வெளியிட்ட தன் நிலாப் படத்தில் வரைந்திருக்கிறார். அது வெறும் கற்பனைப் பெண். அதற்குச் சற்றுத் தெற்கே தெரியும் குட்டி வட்டம்தான் நிஜப் பெண்ணுடையது.

அவர் 1788 டிசம்பரில் கண்டுபிடித்த வால் நட்சத்திரம் 1939ல் ஒரு தடவை வந்துவிட்டுப் போனது. அடுத்து 2092ல் வரும். அப்போது உங்களில் பலருக்கு எழுபது, எண்பது வயதிருக்கும். பேரப் பிள்ளைகள் "இது யார் கண்டுபிடித்தது?" என்று கேட்பார்கள். புத்தகத்தில் 'ஹெர்ஷல்-ரிகோலே' என்றுதான் போட்டிருக்கும். எந்த ஹெர்ஷல் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.