வலைக்கும் ஒரு கொட்டாய் வேண்டும்

சென்னையின் மீனவ ஊரான நொச்சிக்குப்பத்து வீடுகளுக்குக் கொல்லைப்புறம் என்று தனியாக எதுவும் கிடையாது. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் போகும் லூப் சாலைக்கு மேற்கே வாரியக் குடியிருப்புகள், கிழக்கே மணலும் படகுகளும். குடிசை ஊராக இருந்தவரை வலை, துடுப்பு, கூடை எல்லாம் வீட்டு வாசலிலேயே கிடந்தன. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது, மாடி வீடுகள் எழுந்தன, மனிதர்கள் மேலே ஏறிவிட்டார்கள். தொழில் கருவிகள் ஏற முடியவில்லை. மூன்றாவது மாடிக்கு நைலான் வலையைத் தூக்கிப்போய் எங்கே உலர்த்துவது? ஐஸ் பெட்டியை எந்த அறையில் வைப்பது? ஆகவே அவை சாலைக்கு அந்தப் பக்கம், மணலிலேயே, தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. இந்த ஊருக்குக் கடற்கரைதான் கொல்லைப்புறம். அந்தக் கொல்லையில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு மரக்கொட்டாயை மீனவர்கள் தங்கள் கையாலேயே போட்டுக்கொள்ள அரசு முறைப்படி அனுமதி தர வேண்டும், அதற்கான வரைபடத்தையும் அரசே வெளியிட வேண்டும் என்பது என் வாதம்.

இதுவரை இந்தக் கரையில் அரசுக்குத் தெரிந்தவை இரண்டே வழிகள்: அகற்றுவது, அல்லது கோடிகளில் கட்டுவது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப்போய், விவகாரம் துப்பாக்கிச் சூடு வரை சென்றது. 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன் கடைகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது, மீனவர்கள் சாலையை மறித்தார்கள். பிறகு 14.93 கோடி ரூபாய் செலவில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி எழுந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்காடி வந்தது நல்லதுதான். ஆனால் அது விற்கிற பெண்ணுக்கு இடம் கொடுத்த கட்டடம். பிடிக்கிறவரின் கருவிக்கு வேண்டிய இடத்தின் அளவும் குணமும் வேறு. நைலான் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். காற்றோட்டமில்லாமல் ஈரத்தோடு சுருட்டிவைத்தால் நாறும், எலியும் கடித்துவிடும். அதற்கு வேண்டியது நிழல், காற்று, தரையிலிருந்து ஓரடி உயரம், வலையை வீசிப்போட நெஞ்சளவில் ஒரு குறுக்குக் கழி. இதற்குக் கான்கிரீட் தேவையில்லை. சொல்லப்போனால், உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து வெடிக்கிற கான்கிரீட்டை ஒரு வலைக்காக மணலில் நடுவது வீண் செலவு.

தச்சு வேலை தெரியாதவர்கள் இதை எப்படிச் செய்வார்கள் என்று கேட்கலாம். தமிழ்ப் பெயரையே ஆங்கிலத்துக்குக் கொடுத்த கட்டுமரத்தை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் பாதியாகக் குறைந்துவிடும். அதில் ஆணியே கிடையாது. இலேசான மரங்களைச் செதுக்கி, பக்கம் பக்கமாகச் சேர்த்து, இரு முனையிலும் கயிற்றால் இறுக்குவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயவைப்பார்கள். பூட்டவும் பிரிக்கவும் கூடிய மரவேலை இது; சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பரவியதால் கைப்பழக்கம் குறைந்திருக்கலாம், முடிச்சு மறக்கவில்லை. ஆசாரி பல வருடம் கற்கிற இழைப்பும் நுணுக்கமான பொருத்தும் கொட்டாய்க்கு வேண்டாம். ஒரே கனத்தில் சவுக்குக் கழிகள், ரம்பம், உளி, துளைபோடும் கருவி, தூக்குக்குண்டு போதும். தொடக்கத்தில் எல்லாரும் சறுக்குவது மூலையில்தான். ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்து, குறிகளுக்கு நடுவே 5 அடி வந்தால் மூலை நேராக இருக்கிறது. பத்துக்கு எட்டுச் சட்டத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 12 அடி 9½ அங்குலத்தைச் சற்றே தாண்டி ஒரே அளவாக வர வேண்டும். ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் கூரைத் தகடு கோணலாகத்தான் உட்காரும். அடுத்த சறுக்கல் குறுக்குச் சட்டத்தை மறப்பது. நான்கு காலும் நான்கு விட்டமும் மட்டும் இருந்தால் பெட்டி ஆடும், மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கழி கட்டினால் நின்றுவிடும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்து போன சென்னையில் இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. இந்தியத் தரநிலை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். நம் கூரை ஏழரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எளிய கணக்கில் அதை மேலே தூக்கப் பார்க்கும் விசை 1,100 கிலோவைத் தாண்டும். தகடும் கழியும் சேர்ந்த கூரையின் எடை அதில் சிறு பங்குகூட வராது. ஆக, கனமாகக் கட்டிப் புயலை வெல்ல முடியாது, கீழே இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு மணலே கைகொடுக்கும். ஒவ்வொரு காலடியிலும் இரண்டடிக்கு இரண்டடி, மூன்றடி ஆழக் குழி தோண்டி, அடியில் ஒரு கட்டையைக் குறுக்கே படுக்கவைத்து, காலை அதோடு பிணைத்து மூடினால், அந்தக் குழி மணல் மட்டுமே அரை டன் வரும். நான்கு காலுக்கு இரண்டு டன். மணல் மூட்டையை நங்கூரமாகப் போட்டுப் பழகிய கைகளுக்கு இது புது வித்தை இல்லை. திறந்த கொட்டாயின் அடியில் புகுகிற காற்று இந்த எளிய கணக்கை மீறவும் செய்யும். அதனால்தான் கூரையைக் கழற்றக்கூடியதாக வைக்க வேண்டும் என்கிறேன். வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை ஒரு நாளுக்கு முன்பே வந்துவிடுகிறது. நாலு பேர் சேர்ந்து தகட்டை இறக்கிக் கட்டிப்போட அந்த நேரம் தாராளம். கான்கிரீட் கூடத்தை யாராலும் இறக்கிவைக்க முடியாது.

தீயைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் கொட்டகையைப் பற்றிப் பேச முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தபோது, சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது உலகுக்கே தெரிந்தது. எனவே கீற்று வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய தகடு போடட்டும். சூடு ஏறும், வலைக்கு அது கேடில்லை. உள்ளே அடுப்பு கூடாது, மின் இணைப்பு கூடாது, கொட்டாய்க்குக் கொட்டாய் இடைவெளி கட்டாயம். மின் இணைப்பு இல்லாததில் இன்னொரு லாபமும் உண்டு: ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்கும், கடலைத் தேடும் அவற்றின் குஞ்சுகளுக்கும், வெளிச்சம் ஒரு பெரிய எதிரி.

அதிகாரிகள் வெளியே சொல்லாமல் மனத்தில் வைத்திருக்கும் பயம் வேறு. இன்று வலை வைக்கக் கொட்டாய், நாளை டீக்கடை, நாளன்றைக்கு வாடகை வீடு. நியாயமான பயம்தான், நகரத்தில் நடக்காததும் இல்லை. ஆனால் அதைத் தடுக்க வழி வரைபடத்திலேயே இருக்கிறது. மூன்று பக்கமும் பலகைக்குப் பலகை இரண்டு விரல் இடைவெளி, நான்காவது பக்கம் திறப்பு, தலை இடிக்காத அளவுக்கு மட்டும் உயரம் என்று வைத்தால் அதில் யாரும் குடியிருக்க முடியாது, வலை மட்டுமே சுகமாக இருக்கும். எண் எழுதிய கொட்டாய், படகுப் பதிவோடு சேர்த்த அனுமதி, படகு விற்றால் கொட்டாயும் பிரிக்கப்படும் என்ற விதி, ஊர் சபையின் பொறுப்பு இவையெல்லாம் அதற்கு மேல். இப்போது மணலில் எவர் எதைப் போட்டிருக்கிறார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஒழுங்குபடுத்தாமல் விடுவதுதான் ஆக்கிரமிப்புக்கு வசதி. சட்டமும் இதற்கு முழுக்க எதிரி இல்லை: 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீன் உலர்களம், ஏலக்கூடம், வலை பழுதுபார்க்கும் களம் ஆகியவற்றை மீனவர்களின் தேவைகளாகப் பெயர் சொல்லியே ஏற்றது. நகரக் கரைக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று மாநிலம் தெளிவான விதி எழுத வேண்டியதுதான் பாக்கி.

கடற்கரை அழகு கெட்டுவிடும் என்பவர்கள் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கரையைப் பார்க்கலாம். அங்கே கூழாங்கல் கரையிலிருந்தே படகு இறக்கும் மீனவர்கள் வலை வைக்கக் கட்டிய கறுப்பு மரக்கொட்டாய்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டு, ஒன்பது அடிச் சதுரம். இடம் போதாததால் மேல்நோக்கி வளர்ந்தவை. இன்று அவை சட்டப் பாதுகாப்புப் பெற்ற பாரம்பரியச் சின்னம், ஊரின் அடையாளம். மரத்தை ஒரே நிறத்தில், ஒரே வரிசையில் நிறுத்தினால் அழகு தானாக வரும். கிழிந்த நீலத் தார்ப்பாயைவிட நிச்சயம் மேல்.

ஊர் முழுவதற்கும் ஒரேயடியாக ஆணை போடச் சொல்லவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவு எடுக்கும் ஆசிரியர் ஒருவரும் குப்பத்து இளைஞர்கள் பத்துப் பேரும் சேர்ந்து, ஒரு தாளில் அடங்கும் வரைபடத்தை வைத்து, முதலில் நான்கு கொட்டாய்கள் போடட்டும். ஆணிக்குப் பதில் கயிறும் துத்தநாகம் பூசிய போல்ட்டும், மண்ணுக்குள் போகிற கால்களுக்குத் தார்ப் பூச்சு. அக்டோபரில் மழை தொடங்குவதற்கு முன் அவை நின்றாக வேண்டும். டிசம்பர் முடியும்போது எந்தக் கால் அசைந்தது, எந்த முடிச்சு தளர்ந்தது, கூரையை இறக்க எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதிவைத்து, அந்தக் குறிப்போடு வரைபடத்தைத் திருத்தி இன்னொரு மீனவ ஊரான ஊரூர் குப்பத்துக்கும் அனுப்பலாம்.