எந்தக் காலத்து ரெட்வுட்?

ரெட்வுட் பலகை கைக்கு வந்ததும் அதன் தலைப்பைத் திருப்பிப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் ஓர் அங்குலத்துக்கு 20, 30 என்று நெருங்கியிருந்தால் அது பழங்காட்டு மரம். பத்துக்கும் குறைவாக அகன்று கிடந்தால், ஒருமுறை வெட்டிய காட்டில் மறுபடி துளிர்த்து வேகமாக வளர்ந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், நிறமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் நம் வேலையைப் பொறுத்தவரை இவை இரண்டு வேறு மரங்கள். கலிபோர்னியாவில் தோட்டப் பெஞ்சும் வேலியும் தாமே செய்துகொள்ளும் தமிழ் வாசகர்கள் பெருகிவருகிறார்கள். ரெட்வுட் கேட்டு வாங்கும் அவர்கள், எந்தக் காலத்து ரெட்வுட் என்றும் கேட்க வேண்டும் என்பதே இந்த உரையின் நோக்கம்.

நம் ஆந்திர எல்லைச் செம்மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது ஊசியிலை மரம். ஆரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் தொடங்கி பிக் சர் வரை, கடல்மூடுபனி எட்டும் குறுகிய கரையோரத்தில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. ஒரு காலத்தில் சுமார் 20 லட்சம் ஏக்கர் பரந்திருந்த பழங்காட்டில் இன்று எஞ்சியிருப்பது 5 விழுக்காடு அளவே. அதிலும் பெரும்பகுதி பூங்காக்களுக்குள் காக்கப்படுகிறது. ஆகவே புதிதாக அறுத்த பழங்காட்டுப் பலகை என்று யாராவது காட்டினால் சந்தேகப்படுவதே முறை.

பழைய மரம் வேண்டுமா? பழைய கட்டடத்தில் தேடுங்கள். சான் பிரான்சிஸ்கோவின் விக்டோரியன் வீடுகள் பெரும்பாலும் இந்த மரத்தால் எழுந்தவை. 1906 நிலநடுக்கத்துக்கும் தீக்கும் பிறகு நகரை மீண்டும் கட்டியபோதும் இது பேரளவில் பயன்பட்டது. தண்ணீர்த் தொட்டிகளும் ஒயின் பீப்பாய்களும் இதில் செய்யப்பட்டன. கணுவில்லாத, நேர் ரேகையுள்ள பலகைகளைத் தேர்ந்தெடுத்துச் செய்தவை அவை. அவற்றைக் கலைத்து விற்கும் இடத்தில் ஒயின் கறை படிந்த பலகை கிடைத்தால் தயங்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் சீவினால் கறைக்குக் கீழே நல்ல மரம் இருக்கும். சீவுவதற்கு முன் உலோகம் காட்டும் கருவியால் ஒருமுறை தடவிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி இழைப்பு இயந்திரத்தின் அலகைத் தின்றுவிடும். பெயின்ட் பூசிய பலகையில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் தடை செய்யப்பட்டது 1978இல்தான். அதற்கு முந்தைய பூச்சைச் சோதிக்காமல் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீட்டுக் குழந்தைகளின் உடம்புக்குப் போகும்.

புதிய மரத்தையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மறுபடி துளிர்ப்பது ஊசியிலை மரங்களில் அரிது. ரெட்வுட் துளிர்க்கிறது. கலிபோர்னியாவில் 1973 முதல் நடப்பிலுள்ள வனச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற வனவியலாளர் வகுத்த திட்டம் இல்லாமல் பொதுவாக விற்பனைக்கு மரம் வெட்ட முடியாது. இப்படி வரும் மரம் நேர்மையான மரம். அதன் இயல்புக்கு ஏற்ற வேலையை அதற்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பழங்காட்டு மரத்தின் வைரம் உளுக்காமல் நெடுங்காலம் நிற்கும். இளமரத்தின் வைரம் நடுத்தரமாகவே தாங்கும். வெளிர்நிற வெளிமரமோ எந்தக் காலத்து மரத்திலும் தாங்காது. மண்ணைத் தொடும் கால்களுக்கு, ‘ஹார்ட்’ என்று தரம் எழுதிய வைரப் பலகையை மட்டும் வாங்குங்கள். ‘காமன்’ என்று போட்டிருந்தால் வெளிமரம் கலந்திருக்கும். தரையைத் தொடாத வேலிப் பலகைக்கு அது போதும், விலையும் குறைவு.

தேக்கில் பழகிய கைக்கு இந்த மரம் மிக மென்மையாகத் தெரியும். கடினத்தில் தேக்கின் பாதிகூட இல்லை. சாப்பாட்டு மேசைக்கு இதைப் போடாதீர்கள், நகம் பட்டாலே குழி விழும். சுருங்காமல் இருப்பதில் மட்டும் தேக்கையே மிஞ்சுகிறது. பச்சையிலிருந்து முழுக்க உலரும்போது வளையத்தை ஒட்டிய திசையில் தேக்கு 5.8 விழுக்காடு சுருங்கும். பழங்காட்டு ரெட்வுட் 4.4 விழுக்காடுதான். கதவுச் சட்டம், ஜன்னல், வெயிலில் கிடக்கும் பெஞ்சு ஆகியவற்றுக்கு இதைவிட அடங்கிய மரம் சிலவே. உளி கூர் மழுங்கியிருந்தால் நார் வெட்டுப்படாமல் நசுங்கும், முனைகள் சிராய் விடும். பலகையின் ஓரத்தில் திருகாணி இறக்கும் இடத்தில் முன்கூட்டியே துளை போடுங்கள்.

இதில் டானின் மிகுதி. ஈரத்தோடு இரும்பு பட்டால் கருநீலக் கறை பிடிக்கும். சாதா ஆணி அடித்த வேலி முதல் மழையிலேயே கண்ணீர் விட்டதுபோல் கோடுகோடாகக் கறுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியே நல்லது. பலகைகளை ஒட்டும்போது இரும்புக் கிளாம்ப் ஈரப் பசையைத் தொடும் இடத்தில் மெழுகுத்தாள் வையுங்கள். கறை பிடித்துவிட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் பெரும்பாலும் எடுத்துவிடும். தூளும் லேசானதல்ல. ரெட்வுட் தூளால் வரும் நுரையீரல் ஒவ்வாமைக்கு ‘சீக்வோயோசிஸ்’ என்று மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் இதை அறுக்காதீர்கள்.

கடைசியாக, கடைசல்காரர்களுக்கும் மேசைப்பலகை செய்பவர்களுக்கும் ஒன்று. ரெட்வுட்டின் அடிமரத்தில் புடைத்து வளரும் முண்டின் சுழல்ரேகை அழகுக்கு ஈடில்லை. ஆனால் மரம் மறுபடி துளிர்ப்பதற்கான மொட்டுகள் அந்த முண்டில்தான் இருக்கின்றன. நிற்கும் பழமரங்களிலிருந்து திருடர்கள் அதைச் சங்கிலி வாளால் அறுத்துச் சென்றதால், 2014இல் ரெட்வுட் பூங்கா நிர்வாகம் நியூட்டன் ட்ரூரி சாலையை இரவு நேரங்களில் மூட வேண்டி வந்தது. திருட்டு முண்டுக்கு முடிவில் காசு கொடுப்பவர் நம்மைப் போன்ற ஒரு தச்சர்தான். எந்த நிலத்தில், யார் அனுமதியோடு வெட்டியது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் முண்டு வாங்காதீர்கள்.