டிரம் சாண்டர் வாங்குறீங்களா?

அரூர், பாலக்கோடு பக்கம் மரப்பட்டறை வச்சிருக்கும் சொந்தங்களே, டிரம் சாண்டர் வாங்கினால் கூடவே தூசி உறிஞ்சும் மெஷினும் வாங்குங்க. அது இல்லைன்னா நீங்க வாங்கினது பாதி மெஷின்தான்.

விரலுக்கு எல்லாரும் பயப்படுறோம். கையுறை, தோள் துண்டு வேண்டாம், கட்டைக்கு நேராக நிற்காதீங்க, பேப்பர் மாத்தும்போது பிளக்கைப் பிடுங்குங்க. சரி. மூக்கு?

இங்கிலாந்தில் ஹை விக்கம், ஒரு காலத்தில் நாற்காலி செய்த ஊர். அங்கே மரவேலை செய்தவர்களுக்கு அரிதான மூக்குப் புற்றுநோய் அதிகம் வருவதை 1960களில் எடுத்துச் சொன்னவர் எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே பட்டியலில் சேர்த்தது. ஓக், பீச் மரங்களில்தான் ஆதாரம் வலுவாக இருக்கு. அதுக்காக நம்ம தேக்குத் தூசி நல்லதுன்னு ஆகிடாது. தோல் அரிப்பு அதிலும் வரும்.

கர்ச்சீப் நுண்தூசியைத் தடுக்காது. என்95 மாஸ்க் போடுங்க. சாயங்காலம் கம்ப்ரசர் காத்தால உடம்பை ஊதிக்கிற பழக்கத்தையும் விடுங்க.

ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைச்சிருந்தா, ரத்தம் வந்தா, சளின்னு விடாதீங்க. டாக்டரிடம் "மரவேலை செய்றேன்"னு நீங்களே சொல்லுங்க. எங்களில் பலர் அதைக் கேட்கிறதே இல்லை.